ஜயித்தது யார்?

சடுகுடு பற்றி ஒரு பெண்பிள்ளை எழுதுவதாவது என்று புருவத்தை உயர்த்தாதீர்கள். புதுக்கோட்டைச் சீமையில் பிறந்தவர்களுக்கு அந்த ஆட்டத்தை யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. ஆலங்குடிக்குக் கிழக்கே எங்கள் ஊரில், பொங்கல் என்றால் கரும்பும் மஞ்சள் கொத்தும் எப்படியோ, அப்படித்தான் ராத்திரி விளக்குப் போட்டு நடக்கும் கபடிப் போட்டியும். எங்கள் அப்பாயி எண்பது வயதிலும் கோட்டோரம் பாய் விரித்து உட்கார்ந்து, "காலைப் புடிடா, காலை!" என்று கூவுவாள்.

விஷயம் எங்கள் வீட்டில் நடந்த ஒரு சண்டையில் ஆரம்பிக்கிறது. 2022 அக்டோபர் 8-ஆம் தேதி. புரோ கபடி லீக்கில் நம் தமிழ் தலைவாஸ் அணிக்கு அந்த வருஷத்தின் முதல் ஆட்டம். பவன் செராவத் என்ற சூரரை 2 கோடியே 26 லட்சம் ரூபாய் கொடுத்து ஏலத்தில் எடுத்திருந்தார்கள். அதுவரை அந்த லீக்கில் யாருக்கும் கொடுக்காத விலை! ஆட்டம் தொடங்கிச் சிறிது நேரத்திற்குள் அவருக்கு முழங்காலில் அடி. தூக்கிக்கொண்டு போனார்கள். என் கணவர், "இந்த வருஷமும் அவ்வளவுதான்" என்று டெலிவிஷனை அணைத்துவிட்டு எழுந்துவிட்டார். சோறுகூடச் சரியாக இறங்கவில்லை.

"அப்போ மத்த ஆறு பேரும் எதுக்குங்க நிக்கிறாங்க?" என்றேன்.

"உனக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இரு" என்றார். விடுவேனா?

ஆட்டம் தெரியாத சகோதரிகளுக்காக ஒரு வார்த்தை. ஒரு பக்கத்துக்கு ஏழு பேர். ஒருவர் மாத்திரம் "கபடி, கபடி" என்று பாடிக்கொண்டு எதிர்ப்பக்கம் போய், முப்பது வினாடிக்குள் யாரையாவது தொட்டுவிட்டுத் திரும்ப வேண்டும். இவருக்கு ரைடர் என்று பெயர். கைதட்டல், காமிரா, சம்பளம் எல்லாம் பெரும்பாலும் இவருக்குத்தான். பிடிபட்டாலோ வெளியே போய் உட்கார வேண்டும். மறுபடி உள்ளே வருவது எப்படி? உள்ளே இருக்கும் மற்றவர்கள் ஒரு புள்ளி எடுத்தால் ஒருவர் வரலாம். எத்தனை கோடி கொடுத்து வாங்கிய வீரரானாலும், உட்கார்ந்த பிறகு தம்மைத் தாமே மீட்டுக்கொள்ள முடியாது. பெயர் தெரியாத ஒருவன் யார் காலையாவது கட்டிப்பிடித்து விழுந்தால்தான் அவருக்கு விமோசனம்!

அமெரிக்காவிலிருக்கும் என் தம்பியிடம் போனில் இந்தத் தகராறைச் சொன்னேன். அவன் விழுந்து விழுந்து சிரித்தான். அங்கே ஃபுட்பால் என்று ஓர் ஆட்டம். பெயரில்தான் கால், ஆடுவதெல்லாம் பெரும்பாலும் கையால். அதில் குவார்ட்டர்பேக் என்று ஒருவர் உண்டு. பந்து அவர் கைக்கு வந்துதான் மற்றவர்களுக்குப் போகும். அணி ஜயித்தால் அவர் ஜயித்ததாகவும், தோற்றால் அவர் தோற்றதாகவும் கணக்கே வைத்திருக்கிறார்களாம். ஆனால் எதிரிகள் பந்தைக் கொண்டுவரும் நேரத்தில் அவர் மைதானத்தில் இருப்பதே இல்லை; ஓரத்தில் நிற்பார்! டான் மரினோ என்பவர் 1984-ஆம் வருஷத்தில் 5,084 கஜ தூரத்துக்குப் பந்தெறிந்து சாதனை செய்தார். பதினேழு வருஷம் ஆடியும் அவருக்கு சூப்பர் பௌல் கோப்பை கிட்டவில்லை. "அதுக்காக அவரைக் குறை சொல்றவங்களும் இங்கே இருக்காங்க அக்கா" என்றான் தம்பி.

நம் தலைவாஸ் கதை மட்டும் என்ன? 2017-இல் லீக்கில் சேர்ந்தார்கள். 2018-இல் காப்டன் அஜய் தாக்கூர் 200 புள்ளிக்கு மேல் எடுத்தார். அணி தன் பிரிவில் கடைசி. (அந்த நவம்பரில் கஜா புயல் எங்கள் பக்கத்துத் தென்னைகளையெல்லாம் சாய்த்துவிட்டுப் போனது. மின்சாரம் இல்லாமல் கிடந்த எங்கள் ஊர்க்காரர்கள் பல ஆட்டங்களைப் பார்க்கவில்லை. அதில் பெரிய நஷ்டமில்லை என்பாள் அப்பாயி.) 2019-இல் தாக்கூர், மஞ்சீத் சில்லர் என்ற நட்சத்திரங்களோடு ராகுல் சௌத்ரியையும் சேர்த்தார்கள். பன்னிரண்டு அணிகளில் பன்னிரண்டாவது இடம்!

பவன் விழுந்த 2022-இல் என்ன நடந்தது தெரியுமா? முதல் ஆட்டம் சமநிலையில் முடிந்தது. பிறகு சில தோல்விகள். நடுவில் அஷன் குமார் பயிற்சியாளராக வந்தார். நரேந்தர் என்ற புதுப் பையன் பாடிப் போய் 243 புள்ளி எடுத்தான். கார்னரில் சாகரும் சாஹில் குலியாவும் வருகிறவர்களின் கால்களை வாரினார்கள். அணி முதல் தடவையாக அரையிறுதிக்குப் போயிற்று. ரைடரே வேண்டாம் என்று நான் வாதாடவில்லை; அந்த 243 இல்லாமல் அரையிறுதி ஏது? ஆனால் பவனுக்கு அடுத்த ஏலத்தில் 2 கோடியே 60 லட்சத்து 50 ஆயிரம் கொடுத்துத் தெலுங்கு டைட்டன்ஸ் வாங்கியது. அவரும் குறை வைக்காமல் ஆடினார். அணி 22 ஆட்டங்களில் இரண்டே இரண்டில் ஜயித்துக் கடைசி இடத்துக்குப் போயிற்று. என் கணவர் அன்று முதல் கபடிப் பேச்சை எடுப்பதில்லை.

இவ்வளவு வாய் கிழியப் பேசுகிறேனே, என் யோக்கியதை என்ன?

2012 பொங்கல். நான் புதுக்கோட்டையில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். ஒரு பத்திரிகைக்கு ஊர்ச் செய்தியும் எழுதி அனுப்புவேன். எங்கள் ஊர் இறுதி ஆட்டத்துக்கு வந்திருந்தது. எங்கள் ரைடர் பெரிய கெட்டிக்காரர். அவரைப் பிடித்துப் போட்டுவிட்டார்கள். கடைசி நான்கு நிமிஷம் வெளியே குந்தியிருந்தார். ஒரு புள்ளி பின்தங்கியிருந்தோம். எதிர்ப்பக்கத்து ஆள் பாடிக்கொண்டு வந்தார். கார்னரில் என் அண்ணன். பாய்ந்து கணுக்காலைப் பற்றினான். புழுதியில் ஒன்றும் தெரியவில்லை. நடுவரின் விசில் மட்டும் கேட்டது. புள்ளி சமமாயிற்று, ரைடர் உள்ளே வந்தார், கடைசிப் பாட்டில் இரண்டு பேரைத் தொட்டுத் திரும்பினார். ஊரே அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடியது. அண்ணனுக்குத் தோள்பட்டை நழுவியிருந்ததை அப்பாயிதான் முதலில் பார்த்தாள். அதற்கப்புறம் அவன் கோட்டுக்குள் இறங்கவே இல்லை.

நான் எட்டு வரி எழுதினேன். 'தனியொருவராக நின்று வெற்றி தேடித்தந்தார்' என்று ரைடர் பெயரைப் போட்டேன். அண்ணன் பெயரைப் போட்டால் சொந்தக்காரி என்பார்களே என்ற கூச்சம். அது பாதி நிஜம். மறுபாதி, அந்த நான்கு நிமிஷமும் நானும் வெளியே உட்கார்ந்திருந்தவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

2022 டிசம்பர் 15-ஆம் தேதி அரையிறுதிக்கு ஊரில் இருந்தேன். அண்ணனோடு உட்கார்ந்து பார்த்தேன். புனே அணியிடம் 37-க்கு 39, இரண்டே புள்ளியில் தோற்றோம். அண்ணி பால் ஆற்றிக்கொண்டு வந்தாள். அண்ணன் எழுந்து போய் ஒரு பழைய நோட்டைக் கொண்டுவந்தான். அதில் என் எட்டு வரி, மஞ்சள் பூத்து, ஒட்டியிருந்தது. கீழே பேனாவால் ஆறு பெயர்கள். அண்ணனுடையது ஆறாவது.

"ஏண்ணே, அப்பவே கேட்டிருக்கலாமே?" என்றேன்.

"எதுக்கு ஆத்தா? முதல் தடவை ஒன் எழுத்து அச்சுல வந்துச்சு" என்று சொல்லிவிட்டுப் பாலை எடுத்துக் குடித்தான். இடது கையால்தான் எடுத்தான்.