கறுப்புத் திரையில் ஒரு பால் கணக்கு

கணிப்பொறி வாங்க வசதியற்ற வீட்டுப் பிள்ளை கணிப்பொறி மொழியைக் கற்க இயலுமா? இயலும். என் சட்டைப் பையிலுள்ள பழைய ஆண்ட்ராய்டு கைப்பேசியே அதற்குச் சாட்சி.

நண்பர்களே, வண்ணப் படங்களும் பொத்தான்களும் நிறைந்த செயலிகளைப் பற்றி நான் எழுத வரவில்லை. கறுப்புத் திரையில் எழுத்தைப் பெற்று எழுத்தையே விடையாகத் தரும் எளிய நிரல்களைப் பற்றியே எழுதுகிறேன். ஆண்ட்ராய்டின் அடித்தளம் லினக்ஸ். ஆகவே சி மொழி நிரல் அதிலும் ஓடும். டெர்மக்ஸ் என்னும் இலவசச் செயலியை நிறுவி, அதனுள் கிளாங் என்னும் தொகுப்பியை இறக்கிக்கொண்டால் கைப்பேசியே பட்டறையாகிவிடுகிறது. ஒற்றை விரலால் அடைப்புக்குறிகளைத் தேடித் தட்டும் துன்பம் தனி!

என் முதல் நிரல் அம்மாவின் பால் கணக்கு. காலையும் மாலையும் ஊற்றிய லிட்டரைத் தந்தால் பத்து நாள் தொகையைச் சொல்லும். அம்மா விரல்விட்டு எண்ணிச் சரிபார்த்த பிறகே நம்பினார்.

ஆய்வகத்தில் தொகுத்த கோப்பு கைப்பேசியில் ஏன் ஓடுவதில்லை என்று தோழர்கள் கேட்கிறார்கள். ஆய்வகக் கணிப்பொறியின் நுண்செயலி இன்டெல் வகை. கைப்பேசியினுடையது ஆர்ம் வகை. ஒன்றின் கட்டளை மற்றொன்றுக்குப் புரியாது. சி நூலகமும் வேறு. ஆண்ட்ராய்டில் இருப்பது பயோனிக். எனவே ஆய்வகத்திலிருந்தே கட்ட வேண்டுமானால், கூகுள் 2009இல் வெளியிட்ட என்.டி.கே. கருவித்தொகுப்பு வேண்டும். கட்டிய நிரலை ஏ.டி.பி. வழியாகக் கைப்பேசியின் தற்காலிகக் கோப்புறைக்கு அனுப்பி, ஓடும் உரிமையும் தர வேண்டும். படங்களும் பாட்டுகளும் கிடக்கும் பொதுச் சேமிப்பில் இட்டாலோ, 'அனுமதி இல்லை' என்ற பதில்தான். அங்கிருந்து எந்த நிரலும் ஓடக் கூடாதென்பது ஏற்பாடு. 2014இல் வந்த ஆண்ட்ராய்டு 5 மற்றொரு நிபந்தனையும் விதித்தது. நினைவகத்தில் எந்த முகவரியில் ஏற்றினாலும் ஓடும்படி நிரல் கட்டப்பட்டிருக்க வேண்டும். திருடன் வருமுன் வீட்டு எண்ணை மாற்றி வைப்பது போன்ற காவல் அது.

காவல் தேவைதான். ஆயினும் காசு கொடுத்து வாங்கிய கருவியில் நம் நிரலை ஓட்ட இத்தனை வாயில்களில் நிற்க வேண்டுமா என்பது எனக்கு உறுத்தத்தான் செய்கிறது.

இப்போது பக்கத்து வீட்டுப் பெரியம்மாவும் அந்தக் கணக்கைத் தம் கைப்பேசியில் போட்டுத் தரச் சொல்கிறார். அவருடையது 32 பிட். என் 64 பிட் கோப்பு அதில் ஓடாது. அதிலேயே கிளாங்கை நிறுவித் தொகுக்க எண்ணியிருக்கிறேன். அவர் ஊற்றுவது எருமைப்பால். விலைக்கும் ஒரு வரி மாற்ற வேண்டும்.