கன்னித்தீவு வாசிக்க ஒரு ஆள்

அம்பாசமுத்திரம்
சித்திரை 2

அன்புள்ள ராஜி,

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய லீவு அட்டவணையைப் பார்த்தேன். காலை ஏழு மணிக்கு யோகா, ஒன்பதுக்கு அபாகஸ், பதினொன்றுக்கு ஸ்போக்கன் இந்தி, சாயங்காலம் கோடிங், அது முடிந்து கீபோர்டு. உன் அத்தானிடம் காட்டினேன். "இதுல பிள்ளைக எப்ப ஒண்ணுக்குப் போகும்?" என்று கேட்டுவிட்டு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்விட்டார்கள். எனக்குச் சிரிப்பும் வந்தது, உன் மேல் கோபமும் வந்தது. ஏட்டி, பத்து மாசமா மணியடிச்சு மணியடிச்சுத்தானே அதுகள் ஓடிச்சு?

உன் பாடு எனக்குத் தெரியாமல் இல்லை. இரண்டு பேரும் வேலைக்குப் போகிறீர்கள். ஃபிளாட்டைப் பூட்டி, உள்ளே பிள்ளைகளை வைத்துவிட்டுப் போக முடியாது. சம்மர் கேம்ப் என்பது பாதி படிப்பு, பாதி பிள்ளை பார்க்கிற ஆள். அதற்காகச் சேர்க்கிறேன் என்றால் நான் வாயே திறக்கமாட்டேன். "எதிர்வீட்டுப் பிள்ளை மூணு லெவல் முடிச்சிட்டா அக்கா" என்றாயே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அம்மாவுக்கு வலது கண் புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கண்ணாடி எழுதிக் கொடுக்க ஒரு மாசம் போல ஆகும் என்றார்கள். வலி இல்லை, சொட்டு மருந்தும் ஒழுங்காகப் போட்டுக்கொள்கிறாள். பேப்பர் வாசிக்க முடியவில்லை என்பதுதான் பெரிய துக்கம். கன்னித்தீவில் சிந்துபாத் இன்றைக்கு என்ன ஆனான் என்று தெரியாமல் அவளுக்குக் காப்பி இறங்காது. 1960இல் ஆரம்பித்த கதை, அவள் பாவாடை கட்டின நாளிலிருந்து ஓடுகிறது, இன்னும் முடிந்தபாடில்லை. நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டே வாசித்தால், "முழுங்காம வாசி" என்று சத்தம் போடுகிறாள்.

அதனால் மீனுவை எனக்கு அனுப்பு. நிஜமாகவே ஆள் வேணும்.

பொங்கலுக்கு வந்தபோது பஸ் போர்டைப் பார்த்து "பா... ப... நா..." என்று அவள் கூட்டிக்கொண்டிருக்கும்போதே பஸ் போய்விட்டது, ஞாபகம் இருக்கா? ஐந்தாவது முடிக்கப்போகிற பிள்ளை. நீ உடனே தமிழ் டியூஷன் என்று ஆரம்பித்தாய். டியூஷனில் அவள் வாசிக்காவிட்டால் யாருக்கு என்ன நஷ்டம்? இங்கே அவள் வாசிக்காவிட்டால் ஆச்சிக்கு அன்றைய கதை போச்சு. அம்மா ழகரம் ளகரம் என்றெல்லாம் திருத்திக்கொண்டிருக்க மாட்டாள். "பொறவு?" என்பாள், அவ்வளவுதான். கன்னித்தீவு முடிந்ததும் மரண அறிவிப்பு, தங்கம் விலை, மழை உண்டா என்று வரிசையாகக் கேட்பாள். மே முடிவதற்குள் மீனு தலைப்புச் செய்தியை நிறுத்தாமல் வாசிக்கிறாளா இல்லையா என்று நீயே பார்.

கதிருக்கு வேறு வேலை வைத்திருக்கிறேன். கூழ் வத்தல் போடவேண்டும். மொட்டைமாடியில் பழைய வேட்டியை விரித்து நான் ஊற்றிவிடுவேன். காக்காய் வராமல் பார்த்துக்கொள்வதும், காய்ந்தபிறகு வேட்டியைத் திருப்பித் தண்ணீர் தெளித்து உரிப்பதும் அவன் பொறுப்பு. பாதி வத்தல் அவன் வாய்க்குள் போகும், அது கணக்கில் சேர்த்தி. உச்சி வெயிலில் மேலே விடமாட்டேன், பயப்படாதே. கீழே பல்லாங்குழி இருக்கிறது. எந்தக் குழியில் எடுத்தால் எங்கே போய் முடியும் என்று அம்மா முத்தைத் தொடாமலே கணக்குப் போட்டுவிடுவாள், இந்தக் கண்ணோடும். அவளிடம் நாலு ஆட்டம் தோற்றால் அவனுக்கு அபாகஸ் வேண்டியிருக்காது. ஆடுபுலியும் போட்டு வைக்கிறேன். மூன்று புலி, பதினைந்து ஆடு. அவன் புலிதான் கேட்பான். ஆட்டைக் கொடு, அதில்தான் புத்தி வேணும்.

அவர்கள் கிளம்புவதற்கு முன்னால் அங்கேயே ஒன்று செய். ஏப்ரல் 24 வாக்கில் சென்னையில் சூரியன் நேர் உச்சிக்கு வரும். 12 மணி தாண்டி ஏழு நிமிஷம் போல, மாடியில் ஒரு தண்ணீர் பாட்டிலை நிமிர்த்தி வைத்தால் பக்கத்தில் நிழலே விழாது. இங்கே அது 12ஆம் தேதி வாக்கிலேயே போய்விட்டது. அம்பைக்கும் சென்னைக்கும் ஏன் அத்தனை நாள் வித்தியாசம் என்று கதிரைக் கேள். விடையை நீ சொல்லிவிடாதே! வரைபடத்தில் இரண்டு ஊரையும் தேடி, அட்சரேகை 8.7, 13 என்று அவனே பார்த்து, சூரியன் வடக்கே நகர்ந்துகொண்டிருக்கிறது என்று வந்து சொல்லட்டும். ஒரு வாரம் ஆனாலும் ஆகட்டும். இங்கே வந்ததும் கொக்கிரகுளம் அறிவியல் மையத்துக்குக் கூட்டிப்போகிறேன், மிச்சக் கேள்வியை அங்கே கேட்பான்.

போன் விஷயம். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மணி நேரம் கொடுப்பேன். நீ முகத்தைச் சுளிக்காதே, அந்த நேரத்தில் எனக்குத் தூங்கவேண்டும்.

உன் அட்டவணையில் நீச்சலை மட்டும் காணோம். கண்டிப்பாகப் படிக்கவேண்டியது அது ஒன்றுதான். நேற்று சித்திரை விசுவுக்குப் பாபநாசம் போயிருந்தோம். ஆறு முழுக்கப் பட்டணத்துப் பிள்ளைகள். அணையில் தண்ணீரைக் கூடுதலாகத் திறந்தால் எவ்வளவு வேகமாக ஏறும், பாறைக்குக் கீழே எங்கே கசம் இருக்கும் என்று ஒன்றுக்கும் தெரியாது. தாய் தகப்பன் கரையில் செல்பி எடுத்துக்கொண்டு நிற்கிறார்கள். ஒவ்வொரு கோடையிலும் எங்காவது ஒரு குளத்தில், குவாரிப் பள்ளத்தில் பிள்ளைகள் போன செய்தி வருகிறது. அன்றைக்கெல்லாம் எனக்கு உன் பிள்ளைகள் முகம்தான் கண்ணில் நிற்கும். ஆற்றில் இறக்கமாட்டேன். வயலில் பம்புசெட் தொட்டியில் கால் உதைக்கப் பழக்கிவிட்டு, பிறகு இடுப்பில் கயிறு கட்டிக் கிணற்றில் இறக்குவதாக அத்தான் சொல்கிறார்கள். நமக்குச் சுரைக்குடுக்கை கட்டினார்கள், இப்போது பிளாஸ்டிக் கேன். தைரியம் வருவதற்கு முன்னால் பயம் வரவேண்டும் என்பது அத்தான் கட்சி. மீனுவும் இறங்கவேண்டும். "பொம்பளப் பிள்ளை கிணத்துலயா" என்று உன் மாமியார் சொன்னால், எனக்கு போன் போட்டுக் கொடு.

நுங்கு வர ஆரம்பித்துவிட்டது. நுங்கு எடுத்த கூந்தலைத் தூரப் போட்டுவிடாமல் எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன், வண்டி செய்ய. பதநீர்ப் பானைக்குள் ஏன் சுண்ணாம்பு தடவுகிறார்கள் என்று கதிர் போன வருஷம் கேட்டானாம். பனையேறி சொன்ன பதிலை அவன் உன்னிடம் சொன்னானா?

நெல்லை எக்ஸ்பிரஸில் இந்நேரம் டிக்கெட் கிடைப்பது கஷ்டம். தட்கல் பார், இல்லாவிட்டால் பகல் வண்டியில் நீயே கொண்டுவந்து விட்டுவிட்டுப் போ. அம்மாவையும் பார்த்த மாதிரி ஆகும். இரண்டு செட் பழைய துணி போதும். அடுத்த வகுப்பு கைடைப் பைக்குள் ஒளித்து அனுப்பினால் அடுப்பில் போட்டுவிடுவேன். மீனுவின் மூக்குக்கண்ணாடியை மறந்துவிடாதே. கன்னித்தீவின் எழுத்து ரொம்பப் பொடிசு.

உன் அக்கா,
சிவகாமி