அப்பா கேட்ட டேட்டா கணக்கு

ராத்திரி ஒன்பது மணி. ஆட்டோவை வாசலில் நிறுத்திவிட்டு சாப்பிட வந்த அப்பாவிடம் மகள் முதலில் கேட்டது அவருடைய போனைத்தான்.

"பத்து நிமிஷம் குடுங்கப்பா. புராஜெக்ட்டுக்கு ஒரு டெஸ்ட் பண்ணணும்."

அவருக்குத் தயக்கம். சாப்பிட்டதும் மறுபடி ஸ்டேஷன் பக்கம் கிளம்ப வேண்டும். ஒரு நாளைக்கு 1.5 ஜிபிதான் டேட்டா. அது தீர்ந்தால் சவாரி ஆப் சுற்றிக்கொண்டே நிற்கும். சவாரி வேறு ஆட்டோவுக்குப் போய்விடும். இருந்தாலும் கொடுத்தார். கம்ப்யூட்டர் சயின்ஸ் கடைசி வருஷமாச்சே!

அவள் போனை கேபிளால் லேப்டாப்பில் இணைத்தாள். வீட்டு வைஃபை ஏற்கெனவே இருக்கிறது. இப்போது லேப்டாப்புக்கு இரண்டு வழி.

வழக்கமான டிசிபி இணைப்பு ஒரே முகவரியோடு கட்டப்பட்டது. வைஃபையிலிருந்து மொபைல் டேட்டாவுக்கு மாறினால் முகவரி மாறும், இணைப்பும் அறுந்துவிடும். மல்டிபாத் டிசிபி அப்படியில்லை. ஒரே இணைப்புக்குள் பல கிளை வழிகளை வைத்துக்கொள்ளும். ஒன்று போனால் இன்னொன்று தாங்கும். ஆப்பிள் 2013-லேயே சிரிக்காக இதை ஐபோனில் கொண்டுவந்தது. லினக்ஸ் கெர்னலில் 2020 மார்ச்சில், 5.6 பதிப்பில் சேர்ந்தது. இரண்டு முனைகளிலும் இந்த வசதி இருக்க வேண்டும். சோதனைக்கான சர்வரில் அதையும் தயார் செய்து வைத்திருந்தாள்.

பெரிய ஃபைல் ஒன்று இறங்கத் தொடங்கியது. பாதியில் வைஃபையை அணைத்தாள். டவுன்லோடு நிற்கவில்லை.

"பார்த்தீங்களாப்பா!"

"அது சரி, இப்போ எந்த வழியா வருது? என் டேட்டாவா?"

டவுன்லோடு செய்யும் புரோகிராமுக்கு அது தெரியாது. அதன் கண்ணுக்கு இணைப்பு ஒன்றுதான். விவரம் தெரிந்தது கெர்னலுக்கு மட்டுமே. கேட்டால் அது சொல்லும். அதற்கான வசதி 2022 ஜனவரியில் வந்த 5.16 பதிப்பிலிருந்து உண்டு. எத்தனை கிளைகள், இணைப்பு சாதாரண டிசிபியாக இறங்கிவிட்டதா என்பதெல்லாம் அதில் தெரியும்.

கேட்டாள். பதில்: 1.

"முதல் வழியைச் சேர்க்காம ஒண்ணுப்பா. அப்போ மொத்தம் ரெண்டு."

"வைஃபையைத்தான் அணைச்சிட்டியேம்மா. அப்புறம் எப்படி ரெண்டு?"

அவளுக்குச் சுருக்கென்றது. அந்த எண், பின்னால் வந்து சேர்ந்த கிளைகளை மட்டும் எண்ணுகிறது. முதல் வழி மூடிவிட்டாலும் எண் மாறாது. 'பெரியவன் போக வீட்டில் ஒருத்தன் இருக்கான்' என்று சொல்வது மாதிரி. பெரியவன் வெளியூர் போய்விட்டது தெரியாதவர், இரண்டு பேருக்குச் சாப்பாடு வைப்பார்! கெர்னலைப் பராமரிப்பவர்களும் இந்தக் குறையைக் கவனித்து, மொத்தக் கிளைகளைக் காட்டும் தனி எண்ணைப் பின்னர் சேர்த்தார்கள். அவள் லேப்டாப்பில் இருந்தது பழைய கெர்னல்.

ஒவ்வொரு கிளையின் விவரத்தையும் தனித்தனியாகக் கேட்டாள். வந்தது ஒன்றே ஒன்று: போனின் கேபிள் வழி. அதில் இறங்கியிருந்தது 240 எம்பி.

டவுன்லோடை நிறுத்தி, கேபிளைக் கழற்றினாள். 'இணைப்பு அறுபடவில்லை, சோதனை வெற்றி' என்று புராஜெக்ட் ரிப்போர்ட்டில் எழுதி வைத்திருந்தாள். அதன் கீழே ஒரு வரி சேர்த்தாள்: 'எந்த வழியில் எவ்வளவு போனது என்பதைப் பயன்படுத்துபவருக்குக் காட்ட வேண்டும். செலவு அவருடையது.'

சாப்பிட்டு முடித்த அப்பா போனை வாங்கி சட்டைப்பையில் வைத்தார்.

"ரெண்டு சவாரிக்காவது டேட்டா மிச்சமிருக்கா?"

"இருக்குப்பா. இந்தத் தடவை சரியா எண்ணிட்டேன்."