கடன் வாங்கிய புகை

ஆலைப் புகைபோக்கி வரும் புதுக்கவிதைகளைக் கண்டால் எனக்குச் சந்தேகம். அந்தப் புகை நம்முடையதல்ல, லங்காஷயரின் போல்டனுடையது. அங்கே பெஞ்சமின் ஹிக் 1833ல் தொடங்கிய பட்டறை, பிற்பாடு ஹிக் ஹார்கிரீவ்ஸ் என்று பெயரெடுத்து, நூற்பாலைகளுக்கு நீராவி எஞ்சின்கள் செய்தது. அமெரிக்கரான கார்லிஸ் 1849ல் காப்புரிமை பெற்ற வால்வை இங்கிலாந்துக்குக் கொண்டுவந்ததில் அதற்கு முக்கியப் பங்கு. சுமைக்குத் தக்கபடி நீராவியை அளந்துவிடும் ஏற்பாடு அது. வேகம் சீராயிருக்கும், நூல் அறாது. ஃப்ளைவீலின் காடிகளிலிருந்து பருத்திக் கயிறுகள் மாடிக்கு மாடி விசையைக் கொண்டுபோகும். டிக்கன்ஸ் 1854ல் 'ஹார்ட் டைம்ஸ்' நாவலில் பிஸ்டனை யானையின் தலையோடு ஒப்பிட்டார். ஆலை நகரத்தைப் போய்ப் பார்த்துவிட்டு எழுதியவர்.

நம்மைச் சுற்றியிருப்பது வேறு. சேலம், நாமக்கல் பக்கத்து நெசவு பெரும்பாலும் கைத்தறியிலிருந்து நேராக மின்சாரத்துக்குத் தாவியது. மேட்டூர் அணை 1934ல் முடிந்தது. 1937ல் மின் உற்பத்தி. குமாரபாளையத்திலும் பள்ளிபாளையத்திலும் தறிகள் ஓடுவது வீட்டை ஒட்டிய கொட்டகைகளில். வானளாவிய புகைபோக்கி கிடையாது, திரளும் கூட்டமும் கிடையாது. தறிக்காரனைக் கட்டிப்போடுவது முன்பணம். பார்த்தால் தெரியாது, புகையாது. எந்த வங்கிப் பேரேட்டிலும் ஏறாது. நம் கவிஞர்கள் இன்னும் பிஸ்டனைப் பாடிக்கொண்டிருக்கிறார்கள். போல்டனில் அந்தப் பட்டறை இருந்த இடத்தில் இப்போது ஒரு சூப்பர் மார்க்கெட்.