களிமண்ணும் கருநீல மாருதியும்

திருச்சியில் மதுரை பஸ் ஏறி, விராலிமலை வந்ததும் மயில் ஏதாவது கண்ணில் படுகிறதா என்று ஜன்னல் வழியே கழுத்தை நீட்டி, ஒன்றும் படாமல் கழுத்து வலியோடு துவரங்குறிச்சியில் இறங்கினால், மருங்காபுரி பக்கம்தான். ஒரு காலத்தில் ஜமீன். இன்றைக்குத் தாலுகாவுக்கும் ஒன்றியத்துக்கும் பேரைக் கொடுத்துவிட்டு, தான் மட்டும் கிராமமாகவே இருந்துகொண்டிருக்கிற பெருந்தன்மையான ஊர். வானம் பார்த்த பூமி.

நான் அவசரமாகக் கிளம்பி வந்ததற்குக் காரணம் அம்மாவின் போன். "அப்பா வண்டியைப் பார்க்க ஒரு தரகர் வந்தாருடா. பெயின்ட் செத்துப் போச்சாம். முழுசா சுரண்டி மறுபடி அடிக்கணும், இல்லேன்னா எடைக்குப் போடுங்கங்கறாரு!"

அப்பாவின் வண்டி கருநீல மாருதி 800. 1983 டிசம்பரில் அறிமுகமாகி, 2014 ஜனவரியோடு தயாரிப்பே நின்றுபோன ஜாதி. அப்பாவுக்கு வேலை பொன்மலை ரயில்வே பணிமனையில். நாகப்பட்டினத்திலிருந்து இடம் மாறி 1928-ல் பொன்மலைக்கு வந்த பணிமனை அது. ஊட்டி மலை ரயிலுக்கு நீராவி இன்ஜினே செய்து கொடுத்த இடம். அதன் பக்கத்திலேயேதான் வண்டி வருஷக்கணக்காக நின்றது. ஓய்வு பெற்றதும் மருங்காபுரிக்கு வண்டியோடு வந்தார். இப்போது வண்டி இருக்கிறது. அவர் இல்லை.

பானெட்டைத் தடவிப் பார்த்தேன். சொரசொரவென்று உப்புத்தாள் மாதிரி இருந்தது. கழுவிவிட்டுத் தடவினாலும் அதேதான். கையில் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு தடவினால் இன்னும் நன்றாகத் தெரியும். நீங்களும் உங்கள் வண்டியில் செய்து பாருங்கள். அப்புறம் ராத்திரி தூக்கம் வராது!

இது பெயின்ட்டின் சாவு இல்லை. ரயில் சக்கரமும் தண்டவாளமும் பிரேக் கட்டையும் உரசும்போது பொடி இரும்பு பறக்கிறது. அது பெயின்ட்டில் குத்திக்கொண்டு, அங்கேயே துருப்பிடித்து உட்கார்ந்துவிடும். சோப்புக்கு அசையாது. அதைப் பிடுங்கி எடுக்கத்தான் ஜப்பான்காரர்கள் ஒரு களிமண் கட்டி கண்டுபிடித்தார்கள். டடாவோ கொடாட்டே என்பவருக்கு 1995-ல் அமெரிக்கக் காப்புரிமையும் கிடைத்தது. பேர்தான் களிமண். உள்ளே இருப்பது பாலிபியூட்டீன் என்கிற பிசின், அதோடு மாவு மாதிரி நுண்ணிய தேய்ப்புத் தூள்.

நிழலில் வண்டியை நிறுத்தி, நன்றாகக் கழுவி, கட்டியை இரண்டாக வெட்டி, ஒரு பாதியை உள்ளங்கையில் தட்டையாகப் பிசைந்துகொண்டேன். ஷாம்பு தண்ணீரைத் தாராளமாகத் தெளித்து ஆரம்பித்ததும் வேடிக்கை பார்க்க ஊர் கூடிவிட்டது.

"என்னய்யா இது, காருக்கு மண்ணு தேய்க்கிறாரு?"

"மெட்ராஸ்ல படிச்ச புள்ள. மண்ணு எங்கே இருந்துச்சோ, எடுத்துத் தேய்க்குது!"

சிரிப்பில் கை நழுவி, கட்டி தரையில் விழுந்தது. எடுத்துத் தண்ணீரில் அலசப் போனேன். அதுவரை பேசாமல் நின்ற பக்கத்து வீட்டு வேளார் தாத்தா அதட்டினார்.

"தம்பி, அதைத் தொடாதே! மண்ணுக்குள்ள ஒத்தைக் கல்லு போதும். எங்க பானைன்னா சூளையில வெடிக்கும். உன் வண்டியில கோடு இழுத்துரும். தூக்கிப் போடு."

கட்டியின் உறையில் அச்சடித்திருந்த எச்சரிக்கையும் அதுதான். ஆயுசு முழுக்க மண் மிதித்தவருக்கு உறை எதற்கு?

மற்ற பாதியை எடுத்தேன். "அழுத்தாதே. மண்ணு தானா எடுக்கும்" என்றார் தாத்தா. இரண்டடி இரண்டடியாக, வட்டமடிக்காமல் நேர்கோட்டில், தண்ணீர் காயவிடாமல் தேய்த்தேன். முதலில் கரகரவென்று சத்தம். கொஞ்ச நேரத்தில் சத்தம் அடங்கி, கை வழுக்கிக்கொண்டு போனது. கட்டியைத் திருப்பினால் பழுப்பு! மடித்துப் பிசைந்து, சுத்தமான பக்கத்தால் அடுத்த இரண்டடி. பொன்மலை கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டிக்குள் போய்க்கொண்டிருந்தது. ஆழமாக இறங்கிய சில புள்ளிகள் மட்டும் வரவில்லை. அவற்றுக்கு இரும்பைக் கரைக்கிற திரவம் தனியாக விற்கிறது. அடித்தால் ஊதா நிறத்தில் வழியும்.

மத்தியானத்துக்குள் முடிந்தது. அம்மா வந்து பானெட்டைத் தடவினாள். "வெண்ணெய் மாதிரி இருக்குடா!" என்றவள், சாய்வாக வெயில் விழுந்த இடத்தை உற்றுப் பார்த்தாள். சிலந்தி வலை மாதிரி வட்ட வட்டமாக மெல்லிய கோடுகள்.

"இது போகலையே?"

"களிமண்ணுக்குக் கீறல் போகாதும்மா. அதுக்கு பாலிஷ் போடணும். மேல் பூச்சைக் கொஞ்சம் தேய்ச்சு எடுத்தா மறைஞ்சிடும். அப்பா தினம் காலையில பழைய வேட்டியால, தண்ணி கூட இல்லாம தொடைப்பாரே... அந்தத் தூசி இழுத்த கோடு."

அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. கோட்டின் மேலேயே விரலை வட்டமாக ஓட்டினாள்.

"அது இருக்கட்டும்."

பாலிஷ் டப்பாவைப் பையிலேயே வைத்துவிட்டேன். களிமண் தேய்த்தால் பழைய மெழுகும் போய்விடும் என்பதால், மெழுகு மட்டும் கையால் பூசினேன். தரகரிடம் அம்மாவே போனில் பேசினாள்: "வண்டி விக்கிறதா இல்லீங்க."

போனை வைத்ததும் என்னைப் பார்த்து ஒரு உத்தரவு:

"புளியமரத்தடியில நிறுத்தாதே. காக்கா இருக்கு!"