அங்காரகனும் உகலும்

கம்மாபுரத்தில் எங்கள் வீட்டு மாடத்தில் நெய்வேலிப் பழுப்புக்கரித் துண்டு ஒன்று கிடக்கிறது. உற்றுப் பார்த்தால் மர வரி தெரியும்; தொட்டால் விரலில் காப்பிப்பொடி நிறம் ஒட்டும்.

செர்பியாவின் கொலுபராவிலும் இதே பழுப்புக்கரியைத்தான் வெட்டுகிறார்கள். அங்கே கரிக்குப் பெயர் 'உகல்'. அது சமஸ்கிருத 'அங்கார'த்துக்கு ஒன்றுவிட்ட தங்கை என்று படித்ததும் எனக்குச் சிலிர்த்துவிட்டது! பழைய ஸ்லாவியத்தில் அதன் முதல் உயிர் மூக்கொலியாக இருந்தது. செர்பியர் வாயில் அது தேய்ந்து 'உ' ஆயிற்று. போலந்துக்காரர்களோ 'வெங்கியெல்' என்று இன்னும் 'ங்'கை விடாமல் வைத்திருக்கிறார்கள்.

நம்மிடம்? தணலாய்ச் சிவந்த செவ்வாய்க்கு அங்காரகன் என்று பெயர். வைத்தீஸ்வரன்கோயில் அவனுக்குரிய தலம். செவ்வாய்தோறும் விளக்கேற்றும்போது எங்கள் ஆயா அந்த 'ங்'கை அழுத்திச் சொல்லும்: "அங்காரகா, பிள்ளைங்கள காப்பாத்துப்பா."