உட்கார இடம் தந்தவளுக்கு

அன்புள்ள விசாகப்பட்டினமே,

காவிரிக்கரையில் பிறந்து வளர்ந்தவள் நான். கடலோடு எனக்குப் பழக்கம் குறைவு. அப்பா படுத்த படுக்கையாக இருந்த காலமெல்லாம் மருந்து வேளைகளை வைத்துத்தான் எனக்குப் பொழுது தெரியும். அவர் போய், காரியங்கள் முடிந்து, வந்த உறவுகளும் கிளம்பிய பிறகு, "கொஞ்சம் ஓய்வெடு" என்று எல்லோரும் சொன்னார்கள். எங்கே, எப்படி என்று சொல்ல யாருக்கும் தெரியவில்லை. தை மாதத்து இளவெயிலில் நாலு நாள் தனியாக இருந்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு ரயிலேறினேன். மறுநாள் உன்னிடம் வந்து இறங்கினேன். அந்தக் குறுகிய விடுமுறைக்கு நன்றி சொல்லத்தான் இந்த மடல்.

விசாகப்பட்டினமே, விருந்தினருக்காகச் சிங்காரித்துக்கொண்டு காத்திருக்கும் ஊரல்ல நீ. துறைமுகம், கப்பல் கட்டும் தளம், கடற்படை, உருக்காலை என்று உனக்குத் தலைக்குமேல் வேலை. சுதந்திர இந்தியாவின் முதல் கப்பலான ஜலஉஷாவை 1948-இல் நேரு கடலில் இறக்கியது உன் கரையில்தான். இன்றைக்கும் உன் கடலை எந்த நேரம் பார்த்தாலும் உள்ளே வர முறைக்காகக் காத்துநிற்கும் கப்பல்கள் தெரிகின்றன. இப்படி ஓயாமல் உழைக்கிறவளுக்கு, வந்தவள் சந்தோஷமாக இருக்கிறாளா என்று நிமிஷத்துக்கு நிமிஷம் முகம் பார்க்க நேரமில்லை. எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது. ஆறுதல் சொல்லிச் சொல்லியே என்னைக் களைக்க வைத்திருந்தார்கள். நீ உன் வேலையைப் பார்த்தாய். பக்கத்தில் என்னை இருக்கவிட்டாய்.

அன்பானவளே, அதிகாலையில் உன் மீன்பிடித் துறைமுகத்துக்கு வந்ததை எப்படி மறப்பேன்? இருட்டு முழுக்க விலகவில்லை. விசைப்படகுகள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு நின்றன. பனிக்கட்டியை உடைக்கிற சத்தம், ஏலம் கேட்கிறவர்களின் கூச்சல், ஈரத் தரையில் கூடைகளை இழுக்கும் ஓசை. வஞ்சிரமும் சூரையும் வரிசையாகக் கிடக்க, குனிந்து கண்ணைப் பார்த்தும் செவுளைத் தூக்கியும் பெண்கள் விலை பேசிக்கொண்டிருந்தார்கள். யார் வழியிலும் நிற்காமல் ஒரு தூணோரம் ஒதுங்கினேன். இறால் பிரித்துக்கொண்டிருந்த ஒரு வயதான அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். காலியாகக் கிடந்த பெட்டி ஒன்றைக் கவிழ்த்துத் தள்ளி, "கூர்ச்சோம்மா" என்றார். உட்கார்ந்தேன். "ஒக்கதானிவேனா?" என்றார். ஆமாம், தனியாகத்தான் என்று தலையசைத்தேன். "சரே" என்று சொல்லிவிட்டு மறுபடி இறாலுக்குத் திரும்பிவிட்டார். ஏன் தனியாக, வீட்டுக்காரர் எங்கே, பிள்ளைகள் எத்தனை, ஒன்றுமே இல்லை. பெரியது ஒரு பக்கம், சிறியது ஒரு பக்கம் என்று அவர் கைகள் போய்வருவதை வெயில் ஏறும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். கிளம்பும்போது கும்பிட்டேன். அவர் கை ஈரமாக இருந்ததால் முழங்கையை உயர்த்திக் காட்டிச் சிரித்தார். அந்தக் கவிழ்த்த பெட்டிக்கு நான் உனக்குக் கடன்பட்டிருக்கிறேன்.

விசாகப்பட்டினமே, உன் பெசரட்டுக்கும் ஒரு வரி எழுத வேண்டும். பச்சைப்பயறு மாவை மெல்லியதாக வார்த்து, நடுவே உப்புமா வைத்து மடித்து, இஞ்சிப் பச்சடியோடு தந்தாய். பல மாதங்களாக நின்றுகொண்டே சாப்பிட்டுப் பழகியவள், தனி மேசையில் சூடு ஆறும் முன்னே சாப்பிட்டு முடித்தேன்.

தோழி, ராமகிருஷ்ணா கடற்கரை மணலில் நீ ஏற்றி வைத்திருக்கும் குர்சுரா நீர்மூழ்கியை ஒரு பொழுதுபோக்காகத்தான் பார்க்கப் போனேன். 1969-இல் கடற்படையில் சேர்ந்து, 1971 போரைப் பார்த்து, 2001-இல் ஓய்வுபெற்ற கலம். மறு ஆண்டே உன் கரையில் அருங்காட்சியகமாகிவிட்டது. நீளம் 91 மீட்டர். உள்ளேயோ இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டும். வட்டக் கதவுகளில் தலையையும் காலையும் ஒன்றாக மடக்கி நுழைய வேண்டும். டார்பிடோக்களுக்குப் பக்கத்திலேயே படுக்கைகள். சுற்றிக் காட்டியவர் ஓய்வுபெற்ற கடற்படை வீரர். தன் வீட்டைக் காட்டுவதுபோல ஒவ்வொரு குழாயையும் தொட்டுத் தொட்டுச் சொன்னார். எனக்கு அப்பாவின் அறை நினைவுக்கு வந்தது. சாத்திய ஜன்னல், மருந்து வாடை, பகலா இரவா என்று தெரியாத விளக்கு வெளிச்சம். மறுமுனைப் படிகளில் இறங்கியபோது வெயில் முகத்தில் அடித்தது. அந்த மணலிலேயே நின்று அழுதேன், விசாகப்பட்டினமே. அவர் இறந்த அன்று அழமுடியாமல் போனதையெல்லாம் சேர்த்து அழுதேன். சோளம் சுட்டுக்கொண்டிருந்தவர் விசிறியை நிறுத்தவில்லை. பள்ளிப் பிள்ளைகள் வரிசையாகக் கடந்து போனார்கள். யாரும் என்னைச் சூழ்ந்துகொள்ளாத அந்தப் பெருந்தன்மையை நான் வேறெங்கும் கண்டதில்லை.

பிரியமானவளே, உன் கடலின் நீலத்துக்கும் நன்றி. எங்கள் திருச்சியின் திருவானைக்காவலில் 1888-இல் பிறந்த சி.வி. ராமனுக்கு உன் மடியில்தான் பிள்ளைப் பருவம். அவர் தகப்பனார் உன் ஏ.வி.என். கல்லூரியில் ஆசிரியராக வந்ததால் குடும்பமே உன்னிடம் குடிவந்தது. பிற்பாடு, 1921-இல் கப்பல் பயணத்தின்போது மத்தியதரைக் கடலைப் பார்த்தபடி, கடலின் நீலம் வானத்தின் பிரதிபலிப்புதான் என்று அறிஞர்கள் சொல்லிவந்ததை அவர் சந்தேகித்தார். மேற்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியை ஒரு படிகத்தால் தடுத்துப் பார்த்தார். நீலம் குறையவில்லை, இன்னும் ஆழ்ந்தது. ஒளியைச் சிதறடித்து நீரே அந்த நிறத்தைத் தருகிறது என்று எழுதினார். அவர் பார்த்தது உன் கடலை அல்ல, வேறொரு கடலை, தெரியும். இருந்தாலும் கைலாசகிரிக் குன்றின் மேலிருந்து நண்பகலில் உன் கடலைப் பார்க்கையில், இந்த அலைகளைப் பார்த்து வளர்ந்த சிறுவனுக்கு அந்தக் கேள்வி எழுந்ததில் உனக்கும் ஒரு பங்கு இருந்திருக்கும் என்றே நம்ப விரும்பினேன். அந்த நம்பிக்கையால் திருச்சிக்காரியான எனக்கு நீ உறவாகிவிட்டாய்.

விசாகப்பட்டினமே, 900கே பேருந்தில் ஜன்னலோரம் உட்காரவைத்து பீமிலி வரை உன் கரை முழுவதையும் காட்டினாய். வலப்பக்கம் கடல், இடப்பக்கம் குன்றுகள். 2014 அக்டோபரில் ஹுத்ஹுத் புயல் உன் மரங்களை எப்படிச் சாய்த்தது என்று பக்கத்து இருக்கைப் பெண் கைகளாலேயே சொன்னாள். வழியில் தொட்லகொண்டா. 1976-இல் கடற்படை தன் தளத்துக்காக வானிலிருந்து நிலத்தை அளந்தபோது தெரியவந்த பௌத்த மடம். இரண்டாயிரம் ஆண்டுப் பழமை. செங்கல் தரையில் துறவிகளின் சிற்றறைகள் வரிசையாக இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒருவர் படுத்து எழ மட்டுமே இடமுள்ளதாக இருக்கிறது. எல்லாம் ஒரே முற்றத்தைப் பார்த்தபடி. தனியாக இருப்பதற்கும் துணையோடு இருப்பதற்கும் சேர்த்தே இடம் கட்டியிருக்கிறார்கள். மீன் துறைமுகத்திலும் மணலிலும் நீ எனக்குச் செய்து தந்ததும் இதைத்தானே! ஓர் அறையின் சுவர் எச்சத்தில் சாய்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பாவை அன்று நோயாளியாக நினைக்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு காவிரியின் அம்மா மண்டபம் படித்துறையில் நீந்தக் கற்றுக்கொடுத்தவராக நினைத்தேன்.

என் உயிர்த்தோழி, இந்த மடலோடு ஒரு விண்ணப்பமும் வைக்கிறேன். என் சின்ன அத்தை சென்ற ஆண்டு மாமாவை இழந்தாள். ஐம்பது வயதுக்குமேல் ஆகிறது. இதுவரை தனியாக எங்கும் போனதில்லை. உன்னைப் பற்றி நான் சொல்லச் சொல்லக் கேட்டு, வருகிற தையில் உன்னிடம் வருவதாக இருக்கிறாள். பீமிலி பேருந்தில் வலப்பக்கம் உட்காரச் சொல்லியிருக்கிறேன். உன் அலைகளில் இழுப்பு அதிகம். காவலர் விசில் ஊதினால் உடனே கரையேறச் சொல்லியிருக்கிறேன். விடியுமுன் மீன் துறைமுகத்துக்குப் போகவும் சொல்லியிருக்கிறேன். அந்த அம்மாவிடம் சொல்லிவை. அத்தைக்கு முழங்கால் வலி உண்டு. கொஞ்சம் உயரமான பெட்டியாகக் கவிழ்த்துப் போடட்டும்.

நன்றியோடும் தீராத அன்போடும்,
உன் திருச்சிக்காரி